கழனி புகுந்த கடல்

பண்ணை என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. அதற்கு வயல் என்றும் மருத நிலம் என்றும் நிகண்டு நூல்கள் பொருள் கூறும். நீர்வளம் நிறைந்து, நெல் விளைந்து, உழவரும் உழத்தியரும் கூடித் தொழில் புரியும் இடமே முற்காலத்தில் பண்ணை எனப்பட்டது. காலம் செல்லச் செல்லப் பெருநிலக்கிழாரின் நிலத்தொகுதிக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. இன்றோ, கடற்கரை ஊர்களில் பண்ணை என்றால் இறாற்பண்ணை என்றே பொருள் கொள்கின்றனர். நெல் விளையும் இடத்தைக் குறித்த சொல், நெல் விளையாதபடி செய்துவிட்ட தொழில் ஒன்றிற்குப் பெயராய் அமைந்தது சொல்லின் குற்றமன்று. ஆயினும், அச்சொல் அடைந்த மாற்றத்திலே சோழநாட்டுக் கடற்கரையின் அண்மைக்கால வரலாறும் ஒருவாறு அடங்கிக் கிடக்கின்றது.

காவிரி கடலொடு கலக்கும் பகுதியில் மருதமும் நெய்தலும் அடுத்தடுத்து அமைந்தவை. வாய்க்கால் சென்று முடியும் இடத்தில் கழி தொடங்கும். நெல் விளைப்போர் ஒரு பக்கம், உப்பு விளைப்போர் ஒரு பக்கம், வலை வீசுவோர் ஒரு பக்கமாக மக்கள் வாழ்ந்து வந்தனர். உப்பை விற்று அதற்கு ஈடாக நெல்லைக் கொண்டுவந்த படகுகள், இலாயத்தில் நிற்கும் குதிரைகளைப்போலக் காவிரிப்பூம்பட்டினத்துக் கழியோரத்தில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன என்று பட்டினப்பாலை ஆசிரியர் கூறுகின்றார். உப்பு நெல்லுக்கு மாற்றாகச் சென்றதேயன்றி, நெல்வயலுக்குள் புகவில்லை. ஒரு நிலத்துக்குரிய பொருள் மற்றொரு நிலத்தில் வந்து கலப்பதனைத் திணைமயக்கம் என்று இலக்கண நூலார் கூறுவர். அம்மயக்கம் செய்யுளில் அமையலாம். கழனியில் அமையுமாயின் உழவன் பிழைப்பது எங்ஙனம்?

இறால் வளர்ப்பு முழுவதுமே தீது என்று அறிவுடையோர் கூறார். சேரநாட்டுக் கடற்கரையில், எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் ஆகிய மாவட்டங்களின் தாழ்ந்த நிலங்களில் பொக்காளி என்னும் நெல் நெடுங்காலமாகப் பயிராகி வருகின்றது. அந்நெல் உப்பைத் தாங்கி வளரும் இயல்புடையது. கோடை முடிந்ததும் உழவர் வயலில் சிறு சிறு மண்மேடுகளைக் குவிப்பர். சூன் மாதத்து மழை அம்மேடுகளில் ஏறியிருக்கும் உப்பைக் கழுவி இறக்கும். உப்பு இறங்கிய பின்னரே விதை தூவப்படும். நாற்று ஓரளவு வளர்ந்ததும் மேடுகளைக் கலைத்து வயலெங்கும் பரப்புவர். பயிர் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும். அறுவடைக் காலத்தில் கதிரை மட்டும் கொய்துகொண்டு, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். பின்னர் நவம்பர் மாதத்தில் மதகுகளைத் திறந்தவுடன், கடலேற்றத்தோடு இறாற்குஞ்சுகள் தாமாகவே உள்ளே வரும். அழுகிய தாளையும் நீரில் தோன்றும் நுண்ணுயிர்களையும் தின்று அவை வளரும். ஏப்பிரல் மாதம் வரையில் இறால் பிடிப்பர். அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகும். மழை வந்ததும் உப்பு மீண்டும் வெளியேறும். இம்முறையில் தீவனம் வாங்குவதில்லை, மருந்து கலப்பதில்லை, பொறி ஓடுவதில்லை. நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று விருந்தோம்பி வாழ்கின்றன என்றே கூறலாம். வங்காளத்திலும் இதனையொத்த முறைகள் வழங்கி வந்துள்ளன. (பொக்காளி நிலத்திலும் இன்று நெல்லை விடுத்து ஆண்டு முழுவதும் இறாலையே வளர்க்கும் ஆசை பரவி வருவது வருந்தத்தக்கது.)

ஆகவே, கேடு இறாலிடத்தில் இல்லை. அதனை எந்த இடத்தில், எந்த அளவில், யாருடைய ஆதாயத்தின் பொருட்டு வளர்க்கின்றனர் என்பதிலேதான் இருக்கின்றது.

சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் சப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் உணவு மேசைகளில் இறாலுக்கு மதிப்பு மிகுந்தது. முதலில் தைவான் தீவு அதனைப் பெருவாரியாக வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டியது. 1988 ஆம் ஆண்டளவில் நோய் பரவி அங்குத் தொழில் சரிந்தது. ஆனால் வேட்கை சரியவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, வங்காளதேசம், இந்தியா முதலிய நாடுகளின் கரைகளில் குளங்கள் தோன்றின. நம் நாட்டில் 1991 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பெருங்குழுமங்கள் பல இத்தொழிலில் இறங்கின. இதற்கு நீலப் புரட்சி என்று பெயரும் சூட்டினர். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும், தமிழகத்தில் சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினப் பகுதிகளிலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வயல்கள் குளங்களாயின. நாற்று நட்ட இடத்தில் மண்வாரிப் பொறிகள் கரை எழுப்பின.

இத்தகைய குளம் இயங்கும் முறையை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். கடலிலிருந்தோ கழியிலிருந்தோ பெரிய குழாய்களின் வழியாக உவர்நீரை இறைத்துக் குளத்தை நிரப்புகின்றனர். பொரிப்பகத்தில் தோன்றிய குஞ்சுகளை அதில் விடுகின்றனர். பழைய முறையில் சதுர மீட்டருக்கு ஓரிரண்டு இறால் வளர்ந்தால் பெரிது; புதிய முறையிலோ பத்து, இருபது என்று நெருக்கி வளர்க்கின்றனர். அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வெள்ளையிறால் 2009 ஆம் ஆண்டில் இந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட பின்னர், சதுர மீட்டருக்கு அறுபது வரையிலும் விடலாம் என்றாயிற்று. இவ்வாறு நெருங்கி வாழும் உயிர்களுக்கு மூச்சு முட்டாதிருத்தற்பொருட்டு, இரவும் பகலும் சக்கரப் பொறிகள் நீரை அடித்துக்கொண்டேயிருக்கும். நான்கைந்து திங்களில் அறுவடை முடிந்துவிடும்.

இனி உப்பின் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் ஒரு கோடி லிட்டர் நீர் நிற்கும். அந்நீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு என்று கொண்டால், குளத்தில் இருக்கும் உப்பு 150 டன் ஆகும். கடல்நீரையே கலப்பின்றி நிறைத்தால் அதனினும் இருமடங்குக்கு மேற்படும். இவ்வளவு உப்பும் மண்ணால் எழுப்பிய ஒரு கரைக்குள், அடுத்த வயலின் மட்டத்திற்கு மேலே நிற்கின்றது. மேட்டில் நிற்கும் நீர் பள்ளத்தை நாடுதல் இயற்கையன்றோ? கரையின் அடிவழியே ஊறி அது பக்கத்து வயலை அடைகின்றது. அடிமண் வழியே இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கின்றது. நெல்லோ, லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் அளவிற்கு உப்பு ஏறினாலே விளைச்சலில் குறையத் தொடங்கும் மென்மையான பயிர். உப்பு மிகுந்த மண்ணில் நீர் நிறைந்திருப்பினும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. நீருக்கு நடுவிலே பயிர் விடாயால் வாடும். அன்றியும், உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்துவிடும். பின்னர் அம்மண் மழைநீரையும் உள்வாங்காது இறுகிப்போகும். ஐயமுள்ள மாணவன் இரண்டு சிறு சட்டிகளில் அவரை விதைத்து, ஒன்றிற்கு நல்ல நீரும் மற்றொன்றிற்கு உப்புநீரும் பத்து நாள் வார்த்துப் பார்ப்பானாக.

மற்றுமொரு தீங்கும் உண்டு. கோடையில் குளத்துநீர் வற்ற வற்ற உப்பின் செறிவு மிகும். அதனைத் தணிக்க நல்ல நீர் வேண்டும். அந்நல்ல நீரை ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தின் அடியிலிருந்தே இறைத்தனர். கடற்கரை நிலத்தில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம் போன்றது. மேலுள்ளதை எடுக்க எடுக்கக் கீழுள்ளது மேலேறும். இவ்வாறு, மேலிருந்து ஊறும் உப்பும் கீழிருந்து ஏறும் உப்புமாக இரண்டும் ஊர்க்கிணற்றில் சந்தித்தன. கிணறு கரித்தது. கிணறு கரித்த ஊரில் முதலில் துன்பமடைபவர் மகளிர். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கும் நடையைப் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுமியரும் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. ஏற்றுமதியால் வந்த வருவாயைக் கணக்கிட்டவர் இந்த நடையைக் கணக்கிடவில்லை.

நிலம் கைமாறிய முறையும் நினைத்துப் பார்க்கத்தக்கது. முதலில் சிலர் நல்ல விலைக்கு விற்றனர். அவர்மீது குறை கூறுவதற்கில்லை. பின்னர் நான்கு புறமும் குளம் சூழ நடுவில் அகப்பட்ட சிறு உழவன், தன் ஓர் ஏக்கரும் விளையாது போவதைக் கண்டு, கிடைத்த விலைக்குக் கொடுத்தான். விற்கமாட்டேன் என்று உறுதியாய் நின்றவனுடைய நிலத்தை உப்பே விலை பேசி முடித்தது. நிலமே இல்லாத கூலியாள் விற்கவும் ஒன்றுமின்றி நின்றான். நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்துவேலை என்று ஒரு போகத்திற்கு ஊர்ப்பெண்கள் அனைவருக்கும் வேலை தந்தது வயல். குளம் வெட்டி முடிந்த பின்னர் அங்கே இரவுக் காவலுக்கும் தீவனம் வீசுவதற்கும் ஆடவர் சிலர் போதும். மேய்ச்சல் நிலம் வேலிக்குள் சென்றது. ஆடு மாடு வைத்துப் பிழைத்த ஏழைகளின் பிழைப்பும் அதனோடு சென்றது.

கடலை நம்பி வாழும் பரதவரும் தப்பவில்லை. குப்பத்திலிருந்து கடலுக்குச் செல்லும் பாதையின் குறுக்கே வேலிகள் வந்தன. பெருங்குழாய்கள் கழிநீரை உறிஞ்சும்போது மீன்குஞ்சுகளும் அதனோடு சென்று மடிந்தன. உண்ணாது எஞ்சிய தீவனமும், இறாலின் கழிவும், மருந்தும் கலந்த நீர் மீண்டும் கழியிலேயே விடப்பட்டது. முகத்துவாரத்தை அண்டி வளரும் மீனினங்களுக்குக் கழியே தொட்டில். அத்தொட்டிலிலே நஞ்சு கலந்தால் ஆழ்கடலில் வலை வீசிப் பயன் என்ன? அலையாத்தி மரங்கள் தமிழகத்தில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இன்னும் நிலைத்து நிற்கின்றன. ஆனால் பிலிப்பைன்சு, தாய்லாந்து, ஈக்குவடோர் முதலிய நாடுகளில் மீன், இறால் குளங்களின் பொருட்டு அழிக்கப்பட்ட அலையாத்திக் காடுகளின் பரப்பு மிகப் பெரிது.

இறாலுக்கு இடும் தீவனத்திலும் ஒரு வேடிக்கை உண்டு; அதனை வேடிக்கை என்பதைவிடக் கொடுமை என்பதே பொருந்தும். அத்தீவனத்தின் முக்கியப் பகுதி மீன்தூள். இழுவலைப் படகுகள் வாரிக்கொண்டுவரும் சிறு மீன்களை உலர்த்தி அரைத்துச் செய்வது அது. ஏழை மக்கள் மலிவாக வாங்கி உண்ணத்தக்க மீன் தூளாகி, இறாலின் உணவாகி, முடிவில் செல்வநாட்டார் தட்டில் இறாலாக அமைகின்றது. உலகின் உணவைப் பெருக்கவே இத்தொழில் என்று கூறுவோர் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

நோயும் வந்தது. 1994, 1995 ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் என்னும் நச்சுயிரி நோய் இந்தியக் கரையெங்கும் பரவிற்று. ஒருவன் குளத்திலிருந்து வெளியேற்றிய நீரே அடுத்தவன் குளத்திற்குள் இறைக்கப்பட்டமையால், நோய் வாய்க்கால் வழியே வீடுவீடாகச் சென்றது எனலாம். கடன் பட்டுக் குளம் வெட்டிய சிறு முதலாளிகள் பலர் அழிந்தனர். பெருங்குழுமங்களோ வேறு தொழிலுக்குச் சென்றன. கைவிடப்பட்ட குளங்கள் மட்டும் அங்கேயே கிடந்தன. குளமாகவும் பயன்படாமல், வயலாகவும் திரும்பாமல், ஆண்டுதோறும் மழைநீர் தேங்கி உவர் பூத்துக் கிடக்கும் அந்நிலம் எந்தத் திணையைச் சேர்ந்தது என்று தொல்காப்பியர் வந்தாலும் கூறுதல் அரிது.

இக்கேட்டை எதிர்த்து எழுந்தவர்களில் முதியவர் இருவரைத் தமிழ்நாடு மறத்தலாகாது. காந்தியடிகளின் வழியில் நின்ற சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவருடைய வாழ்க்கைத் துணைவியார் கிருஷ்ணம்மாளுமே அவர்கள். விடுதலை பெற்ற நாட்டில்தான் மணம் புரிவது என்று உறுதி பூண்டிருந்த ஜெகந்நாதன், 1950 ஆம் ஆண்டில் கிருஷ்ணம்மாளை மணந்தார். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தனர். 1968 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், கீழ்வெண்மணி என்னும் ஊரில் கூலிப் பூசலின் முடிவாக உழைக்கும் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அச்செய்தி கேட்டு அப்பகுதிக்கே வந்து தங்கிவிட்டனர் அவ்விருவரும். நிலமில்லாதார் நிலம் பெற்றாலன்றி அங்கு அமைதி ஏற்படாது என்று உணர்ந்து, 1981 ஆம் ஆண்டில் லாப்டி என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். நிலக்கிழாரிடம் பேசி, வங்கியிடம் கடன் பெற்று, குடும்பத்திற்கு ஓர் ஏக்கராக ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தனர். அதுவும் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்வித்தனர்.

அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குனிந்து நட்ட பெண்கள், தம் நிலத்தில் தாமே நடத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், அதே வட்டாரத்திற்கு இறாற்குளம் வந்து சேர்ந்தது. பண்ணையாரிடமிருந்து மீட்ட நிலத்தை உப்பிடமிருந்து மீட்கும் வேலை முதியவர் இருவருக்கும் மிகுந்தது. உண்ணா நோன்பு, நடைப்பயணம், குளக்கரையில் அறப்போர் என்று அவர்கள் செய்யாதன இல்லை. சிறை செல்லவும் நேர்ந்தது. முடிவில் ஜெகந்நாதன், தம் எண்பதாம் வயதை ஒட்டி, 1994 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார்.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நேரிற்சென்று பார்த்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் பணித்தது. அந்நிறுவனத்தார் 1995 ஆம் ஆண்டில் ஆந்திர, தமிழகக் கரைகளைச் சுற்றிப் பார்த்தனர். கிணறுகள் உவர்ப்பானதையும், வயல்கள் கெட்டதையும், மீனவர் பாதை அடைபட்டதையும் கண்டு எழுதினர். அத்தோடு, இத்தொழிலால் கிடைக்கும் வருவாயையும் விளையும் சேதத்தையும் எடைபோட்டு, சேதமே மிகுதி என்றும் காட்டினர். ஊரார் கண்ணீரோடு கூறியபோது ஏறாத செய்தி, எண்களாக எழுதப்பட்டபோது ஏறிற்று.

1996 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள், நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகிய இருவரும் தீர்ப்பு வழங்கினர். 1991 ஆம் ஆண்டில் அரசு அறிவித்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், மரபு முறையிலும் அதனைச் சற்றே திருத்திய முறையிலும் நடைபெறுவனவற்றைத் தவிர ஏனைய இறாற்குளங்கள் அனைத்தும் 1997 மார்ச்சு 31 ஆம் நாளுக்குள் அகற்றப்பட வேண்டும் என்றனர். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்புநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைக் குளமாக்கலாகாது என்றனர். சிலிக்கா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றனர். கெடுத்தவரே கேட்டிற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை வகுத்தனர். வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளர்க்கு ஆறு ஆண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தரவேண்டும் என்றும் கூறினர். குளத்தை மூடுவோர் அங்கு வேலை செய்த ஏழையை மறந்துவிடலாகாது என்று நீதிமன்றம் நினைத்தது அதன் பெருமையைக் காட்டுகின்றது.

இத்தீர்ப்பு முழுதும் நிறைவேறியிருப்பின் இக்கதை இங்கே முடிந்திருக்கும். பண்ணை உடையவர்கள் மறு ஆய்வு வேண்டினர். குளங்களை அகற்றும் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. அது நிலுவையில் நிற்கையில், 2005 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. கடற்கரை மண்டல அறிவிப்பிலுள்ள தடைகள் இத்தொழிலுக்குப் பொருந்தா என்றும், 1991 ஆம் ஆண்டு முதற்கொண்டே பொருந்தாதிருந்தனவாகக் கொள்ளப்படும் என்றும் அச்சட்டம் கூறியது. நேற்று நிகழ்ந்த குற்றத்தை இன்று எழுதும் விதியால் குற்றமன்று என்றாக்குவது வியப்புக்குரியதே. அதற்கு முந்திய டிசம்பரில்தான் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு சென்றது. அலையாத்திக் காடுகளின் பின்னே நின்ற பிச்சாவரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் சேதம் குறைந்தது என்று ஆராய்ந்தோர் கூறினர். கரையின் காவலைப் பற்றி நாடே பேசிய அவ்வேளையில் இச்சட்டம் பிறந்தது.

மறுபக்கத்தார் கூற்றையும் கேட்டல் முறை. இறால் ஏற்றுமதி நாட்டிற்குப் பெரும் அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகின்றது. உலகில் இறாலை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆந்திரத்தில் சிறு உழவர் பலர் இதனால் கடன் தீர்ந்து வீடு கட்டியுள்ளனர். நெல்லோ, விளைந்தாலும் விலை போவதில்லை. இவை பொய்யல்ல. நெல்லுக்கு ஏற்ற விலை தராத நாடு, நெல்லை விட்டவனை நிந்திப்பது நேர்மையுமன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு கட்டியவன் வருவாயைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். உப்பையோ அண்டை வயலோடும் ஊர்க்கிணற்றோடும் பங்கிட்டுக்கொண்டான். ஆதாயம் தனியுடைமையாகவும் கேடு பொதுவுடைமையாகவும் இருக்கும் தொழிலை எத்துணை ஏற்றுமதியும் நியாயமாக்காது. பிற நாட்டார் உடல்நலத்தில் கவலை கொண்டு, மருந்து கலந்த இறாலை ஐரோப்பியத் துறைமுகங்களில் திருப்பி அனுப்புகின்றனர். அம்மருந்து கரைந்த நீர் இங்கே எந்த வாய்க்காலில் சென்றது என்று அங்கே எவரும் கேட்பதில்லை; இங்குள்ளவர்தாம் கேட்க வேண்டும்.

கேட்டவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. வங்காளதேசத்தில் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த 22 ஆம் எண் கரைசூழ் நிலப்பகுதியில் இறாற்குளம் வெட்ட வந்தபோது, நிலமில்லாத பெண்கள் முன்னின்று தடுத்தனர். 1990 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் அவ்வூர்வலத்தில் முன்சென்ற கருணாமயி சர்தார் என்னும் பெண்மணி கொல்லப்பட்டார். அப்பகுதி மக்கள் இறாற்குளத்தை இன்றளவும் உள்ளே விடவில்லை. சுற்றிலும் உவர்நீர் பரந்து கிடக்க, அந்நிலத்தில் மட்டும் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடி அவரை நினைவுகூர்கின்றனர்.

தமிழகத்து முதியவர் இருவருக்கும் 2008 ஆம் ஆண்டில், மாற்று நோபெல் பரிசு எனப்படும் நல்வாழ்வுரிமைப் பரிசு சுவீடன் நாட்டில் வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013 ஆம் ஆண்டு பிப்பிரவரி 12 ஆம் நாள் காலமானார். 2020 ஆம் ஆண்டில் இந்திய அரசு கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூசண் விருது அறிவித்தது. போராடியவர்க்கு விருது வந்தது. போராட்டம் கேட்ட பொருள் முழுதும் வந்துவிடவில்லை.

இன்றுள்ள சட்டமும் முற்றும் பயனற்றதன்று. 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது, கடலேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்கு அது இடம் தரவில்லை. விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குளமாக்குதலை விதிகள் விலக்குகின்றன. குடிநீர் எடுக்கும் இடத்திற்கும் குளத்திற்கும் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். இயற்கை வடிகாலை மறித்துக் கரை எழுப்பலாகாது. மீனவர் கடலுக்குச் செல்லும் வழியை அடைக்கலாகாது. உரிமம் வேண்டும் விண்ணப்பங்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள குழுவின் முன் வரும். ஏட்டில் உள்ள 100 மீட்டரை நிலத்தில் அளக்க ஒரு சங்கிலியும், அளந்ததை ஊர்ச்சபையில் எழுந்து கூற ஒருவரும் வேண்டும். கடற்கரை ஊர்களில் அச்சங்கிலியின் ஒரு முனையைப் பெரும்பாலும் பெண்களே பிடித்து நின்றிருக்கின்றனர். மறுமுனையைப் பிடிக்க, படிக்கத் தெரிந்த அவர்கள் பிள்ளைகள் இப்பொழுது பள்ளியிலிருந்து திரும்பும் நேரம்.